இல்லாத பின்னைக் குறி பாருங்கள்

ரயில்வேயில் வேலை பார்த்தவன் என்பதால் நான் பேனாவை எடுத்தாலே என்ஜின், பெட்டி, தண்டவாளம் என்று எழுதுவேன் என்று நண்பர்கள் கேலி செய்வதுண்டு. இந்த முறை அவர்களை ஏமாற்றப் போகிறேன். பந்தை உருட்டிப் பத்துப் பின்களைச் சாய்க்கும் பௌலிங் விளையாட்டில், மிகச் சிரமமான ‘ஸ்பிளிட்’ என்ற நிலையை எப்படிச் சமாளிப்பது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

அறுபது வயதைத் தாண்டியவனுக்கு இந்த விளையாட்டில் என்ன அக்கறை என்று கேட்கலாம். காரணம் என் பேரன். பெங்களூரில் பி.யு.சி. படிக்கிறான். சென்ற வருடம் நண்பர்களோடு ஒரு போட்டியில் கலந்துகொண்டு, ஒரே ஒரு பின் வித்தியாசத்தில் தோற்றான். விடுமுறைக்கு மைசூர் வந்தவன், “தாத்தா, இனிமே அந்தப் பக்கமே போகமாட்டேன்” என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். அதோடு நில்லாமல், தன்னால் அணியே தோற்றது என்று சாப்பிடாமல் இருந்தான். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. “முதலில் எங்கே தப்பு நடந்தது என்று சொல்” என்றேன். பணிமனையில் எந்தப் பழுது வந்தாலும் நாங்கள் முதலில் கேட்கும் கேள்வி அதுதான்.

அவன் சொன்னதைப் புரிந்துகொள்ள, விளையாட்டு தெரியாத வாசகர்களுக்குச் சில விவரங்கள் தேவை.

தளமும் பின்களும்

பந்து உருளும் பாதை மரப்பலகைகளால் ஆனது. இப்போது பல இடங்களில் மரத்துக்குப் பதில் செயற்கைத் தகடு வந்துவிட்டது. பாதையின் அகலம் 41½ அங்குலம். நம் பழைய மைசூர் மீட்டர் கேஜ் தண்டவாளத்தின் இடைவெளியைவிடச் சுமார் 2 அங்குலம்தான் அதிகம். நாம் தாண்டக்கூடாத கோட்டிலிருந்து முதல் பின் வரை 60 அடி. இரு பக்கமும் ஓரக் கால்வாய். பந்து அதில் விழுந்தால் அந்த வீச்சு வீண்.

பின் என்பது பாட்டில் வடிவில் 15 அங்குல உயரம் உள்ள கட்டை. எடை சுமார் ஒன்றரை கிலோ. அதன் வயிற்றுப் பகுதியின் விட்டம் சுமார் 4¾ அங்குலம். பந்தின் விட்டம் 8½ அங்குலம். எடை அவரவர் சக்திக்கு ஏற்ப. ஆனால் 16 பவுண்டுக்கு, அதாவது ஏழே கால் கிலோவுக்கு மேல் போகக்கூடாது.

பத்துப் பின்களும் முக்கோணமாக நிற்கும். முன்னால் 1. அதன் பின் வரிசையில் 2, 3. மூன்றாம் வரிசையில் 4, 5, 6. கடைசி வரிசையில் 7, 8, 9, 10. எண்கள் இடமிருந்து வலம். அடுத்தடுத்த பின்களின் மையங்களுக்கு இடையே 12 அங்குலம். முக்கோணத்தின் ஒவ்வொரு பக்கமும் 36 அங்குலம். கோலம் போடும் நம் வீட்டுப் பெண்களிடம் சொன்னால் உடனே புரிந்துவிடும்: 4, 3, 2, 1 என்று வைக்கும் இடுக்குப் புள்ளிதான் இது.

ஓர் ஆட்டத்தில் பத்துச் சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு வீச்சு. முதல் வீச்சிலேயே பத்தும் விழுந்தால் ஸ்ட்ரைக். 10 புள்ளியோடு அடுத்த இரண்டு வீச்சுகளில் விழுவதும் சேரும். இரண்டாம் வீச்சில் மிச்சத்தை முடித்தால் ஸ்பேர். 10 புள்ளியோடு அடுத்த ஒரு வீச்சில் விழுவது சேரும். இரண்டிலும் முடியாவிட்டால் விழுந்தவை மட்டும்தான் கணக்கு. பத்தாம் சுற்றில் ஸ்ட்ரைக்கோ ஸ்பேரோ அடித்தால் கூடுதல் வீச்சு உண்டு. எல்லாம் ஸ்ட்ரைக்காகவே அடித்தால் மொத்தம் 300.

முதல் வீச்சில் 1-ஆம் பின் விழுந்து, மிச்சமுள்ளவை நடுவில் இடைவெளியோடு தனித்தனியே நின்றால் அதுதான் ஸ்பிளிட். பெரும்பாலும் பந்து 1-ஆம் பின்னின் நடு முகத்தில் மோதும்போது இது நேரும். ஒதுங்காமல் நேராக உள்ளே போகும் பந்து நடுவில் இருப்பவற்றைச் சாய்த்துவிட்டு ஓரத்தில் இருப்பவற்றை விட்டுவிடும். அதனால்தான் வலக்கைக்காரர்கள் 1-க்கும் 3-க்கும் நடுவிலுள்ள இடுக்கைக் குறி பார்க்கிறார்கள்.

பேரனின் இரண்டு தவறுகள்

இப்போது அவன் கதைக்கு வருவோம். ஆறாவது சுற்றில் அவனுக்கு 3-ம் 10-ம் நின்றன. அவன் 3-இன் நடுவில் அடித்தான். 3 மட்டும் விழுந்தது. “அது ஸ்பிளிட் தாத்தா, ரெண்டும் விழாது” என்றான். பத்தாவது சுற்றில் 7-ம் 10-ம் நின்றன. இரண்டு கோடியிலும் ஒவ்வொன்று. அவன் முழு பலத்தோடு 7-இன் இடது ஓரத்தைக் குறி வைத்தான். பந்து கால்வாயில் விழுந்தது. ஒன்றும் சாயவில்லை. ஒன்றை மட்டும் எடுத்திருந்தால்கூட ஆட்டம் சமன்.

“எதிலே தப்பு?” என்று கேட்டேன். “கடைசியிலேதான். இன்னும் மெல்லிசா அடிச்சிருக்கணும்” என்றான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் அபிப்பிராயம் சொல்வதைவிட அளந்து காட்டுவது நல்லது.

கூடத்தில் வரைந்த படம்

தேவராஜ மொஹல்லாவில் எங்கள் வீடு பழையது. கூடத்தில் சிவப்பு நிறச் சிமெண்டுத் தரை. சாக்கட்டியால் அதன்மேல் முழு அளவில் படம் போட்டோம். புள்ளிகளை வைத்தது என் மனைவி. “ரிட்டயர் ஆகியும் வொர்க்‌ஷாப் புத்தி போகலையே” என்று சொல்லிக்கொண்டேதான் வைத்தாள். ஆனால் என் ஸ்கேலைவிட அவள் கை நேராக இருந்தது. பிறகு அட்டையில் 8½ அங்குல வட்டம் ஒன்று, 4¾ அங்குல வட்டங்கள் பத்து வெட்டினோம். பெரியது பந்து, சின்னவை பின்கள். வீட்டில் குழந்தைகள் இருப்பவர்கள் இதை ஒரு மாலைப்பொழுதில் செய்து பார்க்கலாம். செலவு ஒரு பழைய அட்டைப்பெட்டிதான்.

இதற்கு அடிப்படை விதி ஒன்றே. கேரம் ஆடியவர்கள் எல்லோருக்கும் அது கைவந்த விதி. ஸ்ட்ரைக்கர் காயைத் தொடும் கணத்தில் இரண்டின் மையங்களையும் ஒரு கோட்டால் சேர்த்தால், காய் அந்தக் கோட்டின் வழியேதான் ஓடும். நடுவில் தொட்டால் நேராகப் போகும். ஓரத்தில் தொட்டால் பக்கவாட்டில் போகும். இதைத்தான் நாம் ‘கட்’ அடிப்பது என்கிறோம். 1991-லும் 1995-லும் உலக சாம்பியனான சென்னை மரிய இருதயமும், 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற சென்னைப் பெண் காசிமாவும் ஆடியது இதே விதியின்மேல்தான். பௌலிங்கில் பந்தின் மையம் தரையிலிருந்து 4¼ அங்குல உயரத்தில் இருக்கிறது. பின்னின் வயிறு அகலமாக இருப்பது 4½ அங்குல உயரத்தில். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மட்டம் என்பதால் கேரம் கணக்கு இங்கேயும் ஓரளவு பொருந்துகிறது.

பந்தின் பாதி 4¼, பின்னின் பாதி சுமார் 2⅜. கூட்டினால் 6⅝ அங்குலம். பந்தின் மையம் பின்னின் மையத்துக்கு நேரே வந்தால் முழு மோதல். 6⅝ அங்குலத்துக்கு மேல் விலகினால் பந்து தொடாமலே போய்விடும். இந்த இரண்டுக்கும் நடுவில் எத்தனை அங்குலம் விலக வேண்டும் என்பதுதான் ஸ்பிளிட்டின் ரகசியம் முழுவதும்.

எந்த ஸ்பிளிட்டில் எவ்வளவு இடம்?

முதலில் 3-10. 3-இலிருந்து பார்த்தால் 10, நேர் திசையிலிருந்து 30 பாகை வலது பக்கம் சாய்ந்து, 24 அங்குலத்தில் நிற்கிறது. 3-ஐ அந்தப் பக்கம் அனுப்ப, பந்து அதன் இடது பக்கத்தில் மோத வேண்டும். பின்னுக்கும் பருமன் இருப்பதால், 3 போய் 10-இன் எந்த ஓரத்தைத் தொட்டாலும் போதும். கணக்குப் போட்டால், பந்தின் மையம் 3-இன் மையத்துக்கு இடது பக்கம் 2 அங்குலத்துக்குச் சற்று மேலிருந்து 4½ அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு வரை எங்கே வந்தாலும் சரி. அதாவது 2¼ அங்குல வாசல். தவிர, 3-இன் வலது ஓரத்தை உரசிவிட்டுப் பந்தே போய் 10-ஐத் தொடும் இன்னொரு வழியும் உண்டு. பேரன் கைவிட்டது இந்த இரட்டை வாசலைத்தான். 2-7 இதன் கண்ணாடிப் பிம்பம்.

அடுத்தது 5-7, 5-10. இங்கே பக்கவாட்டுச் சாய்வு 60 பாகை. பந்து 5-ஐ மெல்லிசாகத்தான் தொட வேண்டும். 7-ஐ எடுக்க 5-இன் வலது பக்கம். 10-ஐ எடுக்க இடது பக்கம். வாசல் 1½ அங்குலம்.

4-5, 5-6, 7-8, 9-10 போன்றவை ஒரே வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் நிற்பவை. நடுவில் உள்ள சந்து 7¼ அங்குலம். பந்து 8½ அங்குலம். சந்தின் நடுவே பந்து புகுந்தால் இரண்டையும் தொட்டே தீரும். வாசல் 1¼ அங்குலம்.

6-7, 4-10 இன்னும் கடினம். சாய்வு சுமார் 71 பாகை. வாசல் முக்கால் அங்குலத்துக்கும் குறைவு.

இனி ஒரே வரிசையில் தள்ளி நிற்பவை. 4-6 எடுத்துக்கொள்வோம். பின் ஒருபோதும் சரியாகக் குறுக்கே ஓடாது; கொஞ்சமாவது முன்னோக்கித்தான் ஓடும். 6-இன் பின் ஓரத்தையாவது தொட வேண்டுமானால் 4 கிட்டத்தட்ட 80 பாகை திரும்ப வேண்டும். அதற்கு வாசல் ஓர் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. ஓர் அரிசியின் அகலத்தைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். அதுவும் 60 அடிக்கு அப்பால். 7-9, 8-10 ஆகியவற்றுக்கும் இதே கதைதான்.

கடைசியாக 7-10. இங்கேதான் பேரன் எழுந்து உட்கார்ந்தான். 7-ஐ வலது கோடிக்கு அனுப்பப் பந்து அதன் இடது ஓரத்தை உரச வேண்டும். அப்படி உரசும்போது பந்தின் மையம் 7-இன் மையத்திலிருந்து ஆறரை அங்குலத்துக்கு மேல் இடது பக்கம் இருக்க வேண்டும். ஆனால் 7-இன் மையத்திலிருந்து தளத்தின் விளிம்புக்கு உள்ள தூரமே 2¾ அங்குலம்தான்! மையம் விளிம்பைத் தாண்டியதும் பந்து கால்வாயில் கவிழ்ந்துவிடும். அட்டை வட்டத்தை வைத்துப் பார்த்தவன், “தாத்தா, பந்து நிக்க இடமே இல்லையே!” என்றான். “அதைத்தான் நீ மெல்லிசா அடிக்கப் பார்த்தாய்” என்றேன்.

அப்படியானால் 7-10 விழுந்ததே இல்லையா? விழுந்திருக்கிறது. அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்காரர் மார்க் ராத் 1980 ஜனவரியில் தொலைக்காட்சி ஒளிபரப்பின்போது அதைச் சாய்த்துக் காட்டினார். 1991-இல் இன்னும் இருவர். அதன்பின் முப்பது வருடம் கழித்து 2021-இல் ஆன்டனி நியூயர் என்ற 18 வயது இளைஞர். இத்தனை வருட ஒளிபரப்பில் நான்கு பேர் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அவை நேராக உரசி விழுந்தவை அல்ல. ஓங்கி அடிபட்ட பின் சுவரில் மோதித் திரும்பி வந்து மற்றதைச் சாய்த்தவை. பின் இப்படித் திரும்பி வந்து சாய்த்தால் விதிப்படி செல்லும். பந்து பின்பக்க மெத்தையில் மோதித் திரும்பி வந்து சாய்த்தால் செல்லாது. கேரத்தில் ‘ரீபவுண்ட்’ என்கிறோமே, அதேதான். ஆனால் இதைக் குறி பார்த்துச் செய்ய முடியாது.

கண்ணுக்குத் தெரியும் குறி

கணக்கு சரி, 60 அடிக்கு அப்பால் நாலரை அங்குலம், ஐந்தரை அங்குலம் என்று யார் கண்ணால் அளப்பது? இதுவே பேரனின் அடுத்த கேள்வி. நியாயமான கேள்வி. படத்தையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தபோது எங்களுக்கு ஒன்று புலப்பட்டது. இந்தக் கட்டுரையில் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியது இது ஒன்றுதான். பந்தின் மையம் போக வேண்டிய இடம் ஒவ்வொரு முறையும், விழுந்துபோன ஒரு பின் முன்பு நின்ற இடமாகவோ அதன் அருகிலோ அமைகிறது!

5-7 நின்றால், 3 நின்ற இடத்தின் மேல் பந்தை அனுப்புங்கள். 5-இன் மையத்திலிருந்து அது 6 அங்குலம் வலது பக்கம், வாசலுக்குள்தான். அங்கிருந்து அரை அங்குலம் இடது பக்கம் தள்ளினால் இன்னும் பத்திரம்.

5-10 நின்றால், 2 நின்ற இடம்.

6-7 நின்றால், 10 நின்ற இடம். 6, 7, 10 மூன்றும் நின்றாலும் அதே குறிதான். 6 குறுக்கே ஓடி 7-ஐ எடுக்கும், பந்து 10-ஐ எடுக்கும். 4-10 நின்றால், 7 நின்ற இடம்.

9-10 நின்றால், 6 நின்ற இடம். 7-8 நின்றால், 4 நின்ற இடம். 5-6 நின்றால் 3. 4-5 நின்றால் 2.

3-10 நின்றால், 1-க்கும் 3-க்கும் நடு இடுக்கு. ஸ்ட்ரைக்குக்கு எறியும் அதே குறி, அதே வீச்சு. 2-7 நின்றால், 1-க்கும் 2-க்கும் நடு இடுக்கு.

நிற்கும் பின்னைப் பார்த்தால் கை தன்னால் அதன் நடுவுக்கே பந்தை அனுப்பும். ஸ்பிளிட்டில் அதுதான் தவறு. ஆகவே நிற்பதை மறந்து, இல்லாத பின்னை மனத்தில் நிறுத்தி, அதன் நடுவில் அடியுங்கள். பத்துப் பின்னும் நிற்கும் படத்தை ஒரு தடவை மனப்பாடம் செய்துவிட்டால் போதும்.

பிறகு கால் வைக்கும் இடம். தளத்தில் கோட்டுக்கு அப்பால் சுமார் 15 அடியில் ஏழு அம்புக்குறிகள் இருக்கும். 60 அடி தூரத்தைப் பார்ப்பதைவிட இந்த அம்பைப் பார்த்து எறிவது எளிது. ஆனால் ஒன்று: பந்தை விடும் இடம் மாறாமல் அம்பருகே கால் அங்குலம் விலகினால், பின்னருகே அது ஓர் அங்குலம் ஆகிவிடும். அதனால் பழகியவர்கள் அம்பை மாற்றாமல் நிற்கும் இடத்தை மாற்றுகிறார்கள். தளத்தில் 39 பலகைகள்; ஒவ்வொன்றும் ஓர் அங்குலத்துக்குச் சற்று அதிகம். குறி இடது பக்கம் ஒரு பின் அளவு நகர வேண்டுமானால், அதே அம்பைப் பார்த்துக்கொண்டு கால்களை 3 பலகை வலது பக்கம் நகர்த்துங்கள். இரண்டு பின் அளவுக்கு 6 பலகை. மூன்று பின் அளவுக்கு 9. குறி வலது பக்கம் என்றால் கால் இடது பக்கம். இது தோராயக் கணக்கு. அவரவர் வீச்சுக்கு ஏற்ப ஒன்றிரண்டு பலகை கூட்டிக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னும் இரண்டு எச்சரிக்கை. முதலாவது, மேலே சொன்ன அளவெல்லாம் நேராக உருளும் பந்துக்கு. முதல் வீச்சில் பந்தைச் சுழற்றி வளைப்பவர்களும் ஸ்பேருக்கு நேர்ப்பந்து எறிவது நல்லது. இரண்டாவது, சில இடங்களில் பின்களின் தலையில் கயிறு கட்டியிருப்பார்கள். இயந்திரம் கயிற்றை இழுத்து நிறுத்தும். அங்கே பின் குறுக்கே ஓடுவதைக் கயிறு தடுக்கக்கூடும். போனவுடன் பார்த்துக்கொள்ளுங்கள்.

எப்போது முயல்வது, எப்போது விடுவது?

முதல் வீச்சில் 8 விழுந்து இரண்டு நிற்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்றை மட்டும் எடுத்தால் அந்தச் சுற்றில் 9. இரண்டையும் எடுத்தால் 10-ம், அடுத்த வீச்சில் விழுவதும். சுமாராக ஆடுபவருக்கு அது 7 என்று கொண்டால் மொத்தம் 17. ஆக, வெற்றியில் 8 புள்ளி லாபம். தோல்வியில் பந்து எதையுமே தொடாவிட்டால் 1 புள்ளி நஷ்டம்.

3-10, 5-7, 9-10 போன்றவற்றில் குறி கொஞ்சம் தவறினாலும் ஒரு பின்னாவது பெரும்பாலும் விழும். ஆகவே நஷ்டம் அனேகமாக இல்லை. எப்போதும் முயலுங்கள். 6-7, 4-10 இரண்டிலும் பந்து வெளியே போகும் அபாயம் உண்டு. ஒன்பது முறையில் ஒரு முறையாவது விழும் என்ற பழக்கம் வந்தபின் முயலலாம். 4-6, 7-9, 8-10, 7-10 வந்தால், கௌரவம் பார்க்காமல் ஒன்றைப் பத்திரமாக எடுங்கள். 4, 6, 7, 10 நான்கும் நின்றால் ஒரு பக்கத்து இரண்டை எடுங்கள். ஆட்டத்தின் கடைசியில் அந்த ஸ்பேர் இல்லாமல் வெல்லவே வழியில்லை என்றால் மட்டும் துணிந்து அடிக்கலாம்.

சுருக்கமாகச் சொன்னால், ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாக நின்றால் வழி இருக்கிறது. ஒரே வரிசையில் தள்ளி நின்றால் வழி இல்லை. என் பேரன் வழி இருந்த இடத்தில் ‘ஸ்பிளிட்’ என்ற பெயரைக் கேட்டே கைவிட்டான். வழி இல்லாத இடத்தில் முழு பலத்தையும் போட்டான். இதை நான் சொல்லவில்லை. தரையில் இருந்த படத்தைப் பார்த்து அவனே சொன்னான். “அப்போ நான் தோத்தது ஆறாவது சுற்றிலேயா, தாத்தா?” என்றான். “இரண்டிலும்தான். ஆனால் எட்டுப் புள்ளி போனது ஆறாவதில், ஒன்று போனது பத்தாவதில்” என்றேன். அன்றைக்கு இரவு ஒழுங்காகச் சாப்பிட்டான்.

ஊருக்குப் போகும்முன் ஒரு தாளில் ஸ்பிளிட்டுகளை எல்லாம் எழுதி, பக்கத்தில் குறிப்புப் போட்டுக் கொடுத்தேன். பழக்கத்தில் தமிழில் எழுதிவிட்டேன். நம் வீட்டுப் பிள்ளைகள் பலரைப் போல அவனுக்கும் தமிழ் பேச வரும். கன்னடமும் ஆங்கிலமும்தான் படிக்க வரும். “இது என்ன எழுத்து?” என்று கேட்டு, ‘முடியும்’, ‘முடியாது’ என்ற இரண்டு வார்த்தைகளை மட்டும் எழுத்துக்கூட்டிக் கற்றுக்கொண்டான். தாளுக்கு அவை போதும்.

இரண்டு மாதம் கழித்து பெங்களூர் போனபோது என்னையும் கூட்டிக்கொண்டு போனான். அன்று அவனுக்கு 3-10 மூன்று முறை வந்தது. இரண்டு முறை விழுத்தினான். 5-7 ஒரு முறை வந்தது. 5 மட்டும் விழுந்தது. “கொஞ்சம் தடிமனா பட்டுடுச்சு” என்றான். ஏன் விழவில்லை என்று அவனுக்கே தெரிந்தது என்பதில் எனக்குச் சந்தோஷம். எட்டாவது சுற்றில் மறுபடியும் 7-10. என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. நிதானமாக 10-ஐ மட்டும் எடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தான்.

பௌலிங் பணக்காரர் விளையாட்டு என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. கட்டணம் அதிகம்தான்; மறுக்கவில்லை. ஆனால் 1978 பாங்காக் ஆசிய விளையாட்டிலிருந்து 2018 வரை பலமுறை பதக்கத்துக்குரிய போட்டியாக இருந்த விளையாட்டு இது. தமிழ்நாட்டின் ஷபீர் தன்கோட் பலமுறை தேசிய சாம்பியன் ஆகியிருக்கிறார். பிள்ளைகள் பிறந்தநாள் என்றோ நண்பர்கள் அழைத்தார்கள் என்றோ போகும்போது நாமும் ஒரு தடவை கூடப் போகலாம். பந்து எறியத் தோள் இடம் கொடுக்காவிட்டால் என்ன? பின்னால் உட்கார்ந்து எந்தப் பின் நின்றது, எந்தப் பின் போனது என்று எண்ணிக்கொண்டிருக்கலாம். நம் காலத்துக் கோலியும் கேரமும் கற்றுக்கொடுத்த கணக்கு அங்கேயும் செல்லுபடியாகிறது.

கூடத்துத் தரையிலிருந்த சாக்கட்டிக் கோடுகளை மறுநாள் என் மனைவி துடைத்துவிட்டாள். பத்துப் புள்ளிகளை மட்டும் விட்டுவைத்து, அவற்றைச் சுற்றிக் கோலம் இழுத்திருந்தாள்.